பை 4, ஆர்டி கெர்னல்: நெட் வந்ததும் கன்ட்ரோல் லூப் தறிகெட்டு ஓடுகிறது

கேள்வி:
ராஸ்பெர்ரி பை 4 (சிறிய கணினி), பிரீம்ப்ட் ஆர்டி கெர்னல் (வேலையை நேரம் தவறாமல் ஓடவைக்கும் லினக்ஸ் கெர்னல்). மோட்டாருக்கு 1 மில்லிசெகண்ட் லூப், ஃபைஃபோ (நிகழ்நேர ஷெட்யூலிங்) முன்னுரிமை 80. நெட் கிடைத்து குரோனி (நெட் வழியாகக் கணினி நேரத்தைச் சரிசெய்யும் புரோகிராம்) நேரத்தைத் திருத்திய கையோடு லூப் தூங்காமலே சுற்றி, ஒரு சிபியு கோரையே பிடித்துக்கொள்கிறது. முன்னுரிமையைக் கூட்டியும் பயனில்லை. எங்கே பார்ப்பது?

பதில் 1:
கோளாறு முன்னுரிமையில் இல்லை நண்பரே. லூப்பைத் தூங்கவைக்கும் கிளாக் நானோஸ்லீப்புக்கு ரியல்டைம் கடிகாரத்தை (நாள், மணி காட்டுவது; திருத்தினால் தாவும்) கொடுத்திருப்பீர்கள், பாருங்கள். பை 4-இல் ஆர்டிசி (அணைந்தாலும் பேட்டரியில் ஓடும் கடிகாரச் சிப்) கிடையாது. அணைக்கும்போது சேமித்த நேரத்திலிருந்தே எழும். 40 நிமிடம் அணைந்து கிடந்தால் குரோனி ஒரே தாவலில் 2400 செகண்ட் முன்னே தள்ளும். லூப்போ முந்தைய விழிப்போடு 1 மி.செ. கூட்டி அடுத்ததைக் குறிக்கிறது. அதன் கணக்குப்படி 24 லட்சம் விழிப்புகள் பாக்கி. அத்தனையையும் ஓடித் தீர்க்கும். நேரம் பின்னே போனால் இன்னும் ஆபத்து: அவ்வளவு நேரமும் லூப் எழாது, மோட்டார் கடைசிக் கட்டளையிலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

லூப்புக்கு மோனோடோனிக் கடிகாரம் (தாவாமல் முன்னே மட்டும் ஓடுவது) போடுங்கள். தொடக்க நேரத்தையும் அதிலிருந்தே எடுங்கள். அதை மட்டும் ரியல்டைமில் விட்டால் லூப் எழவே எழாது. ரியல்டைம் லாக் (பதிவு) எழுத மட்டும்.

கேட்டவர்:
ரியல்டைம்தான் இருந்தது. மாற்றியதும் சுற்றல் நின்றது, நன்றி. ஆனால் சில நேரம் நெட் வந்ததும் சுற்று 1 மி.செ.-ஐ விடக் குறைவதை ஆசிலாஸ்கோப் காட்டுகிறது. ஏன்?

பதில் 2:
தாவல் மோனோடோனிக்கைத் தொடாது. ஆனால் குரோனி நேரத்தை மெல்ல இழுத்துச் சரிசெய்யும்போது மோனோடோனிக்கின் வேகமும் சேர்ந்தே மாறும். இயல்பான உச்சவரம்பு 83333 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), அதாவது 8.3 சதவீதம். மோட்டாருக்கு இது ரொம்ப அதிகம். குரோனி அமைப்பில் இந்த வரம்பான மேக்ஸ்ஸ்லூரேட்டை 500 என்று வைத்தால் மில்லிசெகண்டுக்கு அரை மைக்ரோசெகண்டுக்கு மேல் விலகாது. 1 செகண்ட் பிழை தீர 2000 செகண்ட் பிடிக்கும், அவ்வளவே. மேக்ஸ்டெப் 1 3 (பிழை 1 செகண்டைத் தாண்டினால், முதல் 3 திருத்தங்களில் மட்டும் தாவு) இருக்கட்டும். அந்த 3-ஐ -1 ஆக்கினால் எப்போது வேண்டுமானாலும் தாவும், லாக் குழம்பும். மோனோடோனிக் ரா (குரோனி வேகத்தை மாற்ற முடியாத கடிகாரம்) பக்கம் போகாதீர்கள். நானோஸ்லீப் அதை ஏற்காது.

பிழை பெரிதாகச் சேராமல் இருக்க டிஎஸ்3231 ஆர்டிசி மாட்யூல் போடுங்கள்: ±2 பிபிஎம், நாளுக்கு 0.17 செகண்ட். அதன் விசிசிக்கு (மின்சாரம் வாங்கும் முனை) பையின் 1-ஆம் பின், 3.3 வோல்ட் மட்டுமே. 5 வோல்ட் கொடுத்தால் மாட்யூலின் புல்-அப் மின்தடை வழியாக பையின் ஐ2சி (மாட்யூலோடு பேசும் இணைப்பு) பின்களில் 5 வோல்ட் ஏறும். பல மலிவு மாட்யூல்களில் சார்ஜிங் டயோடும் உண்டு. ரீசார்ஜ் செய்யக்கூடாத சிஆர்2032 பேட்டரியை அது கெடுத்துவிடும்.

ஐ2சி ஸ்கேனில் மாட்யூலின் முகவரியான 68 தெரிய வேண்டும். ஆர்டிசிக்கான ஓவர்லே (பூட் அமைப்பில் சேர்க்கும் வரி) சேர்த்து ரீபூட் செய்தபின் அதே இடத்தில் யூயூ வந்தால் டிரைவர் பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். அணைக்கும்போது நேரத்தைச் சேமிக்கும் ஃபேக்-எச்டபிள்யூகிளாக்கை நீக்கிவிட்டு, குரோனி அமைப்பில் ஆர்டிசிசிங்க் என்ற வரியைச் சேருங்கள். 11 நிமிடத்துக்கு ஒருமுறை கெர்னலே ஆர்டிசியைத் திருத்திக்கொள்ளும்.