தாத்தாவின் கடிதங்களைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். வடஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது, அதாவது 1989க்கு முன்னால், தாத்தா, பாட்டிக்கு எழுதிய இன்லேண்ட் கடிதங்கள் ஒரு கட்டு கிடைத்திருக்கின்றன.

எழுத்தா அது! உச்சியில் பிள்ளையார் சுழி. 'லை', 'னை' எல்லாம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் தும்பிக்கை போல வளையும் வடிவம். அந்தத் தும்பிக்கையை ஒரே இழுப்பில் மேல் வரி வரைக்கும் சுழித்துக் கொண்டுபோயிருக்கிறார். இடம் தீர்ந்ததும் தாளைத் திருப்பி ஓரமெல்லாம் சுற்றி எழுதியிருக்கிறார். கல்யாணச் சேதி சொன்ன கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள் இன்னும் தெரிகிறது. டைப் அடித்து வைத்தால் சேதி இருக்கும், தாத்தாவின் கை இருக்காது.

இப்போது மடிப்புகளில் தாள் விட்டுக்கொண்டு வருகிறது. மையும் பழுப்பாகி மங்குகிறது. லேமினேஷன், செலோடேப் இரண்டும் பழைய தாளைக் கெடுத்துவிடும், அதனால் அவை வேண்டாம். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் பழைய தாளைப் பக்குவமாகச் சரிசெய்பவர் யாரையாவது தெரியுமா? வீட்டிலேயே ஸ்கேன் செய்ய 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதுமா? மங்கிய மை தெளிவாக விழ என்ன செய்யலாம்?

அப்புறம், உங்கள் வீட்டிலும் தும்பிக்கை 'லை' போட்ட கடிதம் இருந்தால் ஒரு படம் போடுங்கள். ஒவ்வொருவர் சுழியும் எப்படி வளைகிறது என்று பார்க்க ரொம்ப ஆசை.