வெள்ளவத்தையில் 65,000 வாடகைக்குத் தனி அனெக்ஸ்: எடுக்கலாமா, விடலாமா?

கார்த்திகைப்பூ (கேள்வி)

வணக்கம். வேலை கொழும்பு யூனியன் பிளேஸில். இப்ப வெள்ளவத்தையில் மூன்று பேர் சேர்ந்து ஒரு போடிங் அறையில் இருக்கிறம், என்ர பங்கு 22,000. சமைக்க விடமாட்டினம், இரவு ஒன்பதரைக்கு கேற்றைப் பூட்டிப்போடுவினம். தனி இடம் தேடி இப்ப இரண்டு இடம் கையில் நிற்குது.

ஒன்று வெள்ளவத்தை, காலி வீதிக்கு உள்பக்கம், கடற்பக்கம் இல்லை. வீட்டோடு ஒட்டின அனெக்ஸ், கீழ்மாடி: ஒரு அறை, சின்னக் குசினி, பாத்ரூம். மாதம் 65,000, ஆறு மாத அட்வான்ஸ், ஒரு வருச எக்ரிமென்ற், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. கரண்டுக்கு சப் மீற்றர், யூனிற்றுக்கு 65 ரூபா என்கிறார் வீட்டுக்காரர். மற்றது தெஹிவளை, களுபோவிலைப் பக்கம், மேல்மாடி. 48,000, மூன்று மாத அட்வான்ஸ், புரோக்கர் இல்லை, தனி மீற்றர்.

பிடித்தங்களுக்கு முதல் சம்பளம் 180,000. ஊருக்கு மாதம் 40,000 அனுப்பவேணும், அதில் கை வைக்க ஏலாது. கிழமையில் இரண்டு மூன்று நாள் வேலை முடிய இரவு எட்டரை, ஒன்பது ஆகும். சேமிப்பு ஐந்து லட்சம், நிலையான வைப்பில் கிடக்கு. வெள்ளவத்தை இடம்தான் மனதுக்குப் பிடிச்சிருக்கு. தனியா இருக்கிறதுக்கு இவ்வளவு காசு கொடுக்கலாமா?

பேரேடு

தங்கச்சி, முதலில் கையில் வருவதைப் பாருங்கள். முழுச் சம்பளத்துக்கும் ஈபிஎஃப் 8 வீதம் என்றால் 14,400 போகும். வருமான வரி மாதம் 150,000க்கு மேலுள்ள 30,000க்கு 6 வீதம், 1,800. மிச்சம் 163,800. ஊருக்கு அனுப்பினால் 123,800. இதுதான் உங்கள் சம்பளம், 180,000 இல்லை.

அடுத்தது, வெள்ளவத்தை வாடகை 65,000 இல்லை. அட்வான்ஸ் 390,000. அதை வைப்பில் 8 வீதத்துக்கு விட்டால் வருசம் 31,200 வரும். அந்த வட்டியை இழக்கிறீர்கள், மாதத்துக்கு 2,600. புரோக்கருக்குக் கொடுக்கும் 65,000ஐ ஒரு வருசத்துக்குப் பிரித்தால் மாதம் 5,400 சொச்சம். ஆக முதல் வருசம் மாதம் 73,000. தெஹிவளைக்கு இதே கணக்கைப் போட்டால் 49,000க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் 17,000 என்று நினைத்திருப்பீர்கள், உண்மையில் 24,000.

அதைவிடப் பெரிய விசயம் சேமிப்பு. 500,000இலிருந்து 390,000உம் 65,000உம் போனால் 45,000 மிஞ்சும். வைப்பைத் தவணைக்கு முன்னம் உடைத்தால் வட்டியிலும் வெட்டு விழும். அந்த 45,000க்குள் கட்டில், மெத்தை, பிரிட்ஜ், காஸ் அடுப்பு எல்லாம் வாங்கவேணும். வேலையில் ஒரு மாதம் தடங்கல் வந்தால் கையில் ஒன்றும் இராது. வெள்ளவத்தையை வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் மாத வாடகை இல்லை, இதுதான்.

தனியா இருப்பது வீண் செலவு என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குசினி இருப்பது பெரிய காசு. மூன்று வேளையும் கடைப் பார்சல் என்றால், நாளுக்கு 1,500 என்று வைத்தாலே மாதம் 45,000. ஒழுங்காகச் சமைத்தால் அதில் பாதியளவில் முடிக்கலாம். ஒரு ஆளுக்கு 5 கிலோ சிலிண்டர் போதும், 2.3 கிலோ அடிக்கடி முடியும், 12.5 கிலோவுக்கு முதலே பெரிய காசு போட வேணும். முதல் தடவை காஸோடு வெற்றுச் சிலிண்டருக்கும் காசு கட்டவேணும், ரெகுலேற்றரும் குழாயும் வேறு.

அட்வான்சில் இரண்டு வகை இருக்கு, எது என்று கேட்டீர்களா? ஒன்று, கடைசியில் முழுக்கத் திருப்பித் தரும் வைப்பு. மற்றது, மாதாமாதம் கழிக்கும் அட்வான்ஸ்: 390,000ஐ 12ஆல் பிரித்தால் 32,500, மாதம் அவ்வளவு கழிய, நீங்கள் கையில் கொடுப்பது 32,500. வருசம் முடிய வீட்டுக்காரர் கையில் உங்கள் காசு ஒரு சதமும் நிற்காது. திருப்பி வாங்கும் பிரச்சினையே இல்லாததால் இரண்டாவதையே கேளுங்கள்.

மூன்றாம்படி

கரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். யூனிற் 65 என்ற நிலையான விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுப் பாவனைக் கட்டணம் படிப்படியாக ஏறும். மாதம் 60 யூனிற்றுக்குள் நின்றால் ஒரு மலிந்த விலை வரிசை. 60ஐத் தாண்டினால் அந்த வரிசையே இல்லை. முதல் யூனிற்றிலிருந்து வேறு விலை. பிறகு 90, 120, 180 என்று படிகள். நிலையான மாதக் கட்டணமும் படியோடு ஏறும்.

சப் மீற்றர் என்றால் பிரதான மீற்றரும் பில்லும் ஒன்றுதான்; கட்டணக் கணக்கில் நீங்களும் வீட்டுக்காரரும் ஒரே பாவனையாளர். அவர்கள் 150, நீங்கள் 50 என்றால் பில் 200க்கு வரும், கடைசிப் படியில் போய் நிற்கும். தனி மீற்றரில் அதே 50க்கு மலிந்த வரிசையில் கட்டியிருப்பீர்கள். நீங்கள் ஒரு யூனிற்றும் வீணாக்காமலே விலை ஏறிவிடும்.

விலையும் மாறிக்கொண்டிருக்கும். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள், ஜூனில் 15 வீதம் கூட்டினார்கள். நிலையான விலை பேசினால் குறையும்போது உங்களுக்குக் குறையாது. கூடும்போது மட்டும் திருப்பிப் பேச வருவார்கள். நியாயமான முறை வீதாசாரம்: மொத்த பில்லை மொத்த யூனிற்றால் பிரித்து, உங்கள் யூனிற்றால் பெருக்குவது. 200இல் 50 என்றால் பில்லில் கால்வாசி. ஒவ்வொரு மாதமும் பில்லின் படம் அனுப்பவேணும் என்று எக்ரிமென்றில் எழுதுங்கள். கடைசி மூன்று மாத பில்லையும் இப்பவே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மீற்றரையும் சோதியுங்கள். அனெக்ஸின் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு இரண்டு நிமிடம் மீற்றருக்கு முன்னால் நில்லுங்கள். சின்னச் சிவப்பு வெளிச்சம் மின்னினால், அல்லது பழைய மீற்றரில் தட்டு சுற்றினால், வேறு ஏதோ உங்கள் மீற்றரில் ஓடுகிறது. பெரும்பாலும் வீட்டுத் தண்ணி மோட்டர், இல்லாவிட்டால் கேற் பல்ப்.

தெஹிவளையில் தனி மீற்றர் என்பதால் 60க்குள் நிற்க ஏலுமா என்று பார்க்கலாம். 75 வாற் ஃபான் இரவில் 10 மணித்தியாலம் ஓடினால் மாதம் 22 யூனிற். சின்னப் பிரிட்ஜ் 25 முதல் 30. எல்ஈடி பல்ப் மூன்று, நாலு யூனிற். அயர்ன் நாளுக்கு 10 நிமிடம் என்றால் 5. விளிம்பில் வந்துவிட்டீர்கள். ரைஸ் குக்கரை நாளாந்தம் போட்டாலே தாண்டும். ஃபானை 30 வாற் பிஎல்டிசி (கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டர் உள்ள) ஃபான் ஆக்கினால் 13 யூனிற் மிஞ்சும், ரைஸ் குக்கருக்கு இடம் வரும். ஏசி போடுவதென்றால் இந்தக் கணக்கெல்லாம் விட்டுவிடலாம். ஒரு இரவுக்கு 5 யூனிற் என்றாலே மாதம் 150.

செவ்வரத்தை

எனக்கு இரண்டு இடத்திலும் கவலை இருக்கு, வேற வேற கவலை.

கீழ்மாடி அனெக்ஸ் என்றால் ஈரம். தென்மேற்கு மழைக்கும் பிறகு ஒக்ரோபர், நவம்பர் மழைக்கும் சுவர் நிலத்திலிருந்து உறிஞ்சும். நிலத்திலிருந்து ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில் சுவரைக் கையால் தடவுங்கோ. பெயின்ற் கொப்பளிச்சு நின்றாலோ, வெள்ளைப் பொடி கையில் ஒட்டினாலோ ஈரம் ஏறுது. சுவரின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடிச்சிருந்தால் இன்னும் கவனம். சுவரில் பதிச்ச அலுமாரியைத் திறந்து மணந்து பாருங்கோ, பூஞ்சண மணத்தை ஒளிக்க ஏலாது.

மேல்மாடி என்றால் வெக்கை. தலைக்கு மேல கொங்கிறீற் தட்டு மட்டும் என்றால் பகல் முழுக்கக் குடிச்ச சூட்டை இரவு பத்து மணி வரை விட்டுக்கொண்டிருக்கும். காலையில் போய்ப் பார்த்துவிட்டு நல்ல காற்று என்று முடிவெடுக்காதேங்கோ. பின்னேரம் மூன்று, நாலு மணிக்குப் போய் ஜன்னலைச் சாத்திவிட்டு கால் மணித்தியாலம் உள்ளே இருங்கோ. தட்டுக்கு மேல தகரமோ ஓடோ வேறயா இருந்து இடையில் காற்றுப் போனால் பிரச்சினை குறைவு. பாத்ரூம் பைப்பையும் குசினிப் பைப்பையும் ஒன்றாகத் திறந்து பாருங்கோ; தாங்கி மொட்டைமாடியில் தாழ்வாக இருந்தால் மேல்மாடிக்கு அழுத்தம் வராது, ஷவர் நூல் மாதிரி விழும்.

போக்குவரத்தில் நீங்கள் நினைக்கிற அளவு வித்தியாசம் இல்லை. யூனியன் பிளேஸுக்குக் கிட்டின ஸ்ரேசன் கொம்பனித்தெரு. வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, கொம்பனித்தெரு. தெஹிவளை வெள்ளவத்தைக்கு ஒரு ஸ்ரேசன் முன்னால், அவ்வளவுதான். சீசன் எடுத்தால் இன்னும் மலிவு. காலை ரெயின் பாணந்துறைப் பக்கத்திலிருந்து நிரம்பி வரும், இடம் கிடைக்குமென்று எதிர்பார்க்காதேங்கோ.

சிக்கல் இரவில்தான். தெஹிவளை ஸ்ரேசன் கடலோரம், களுபோவிலை காலி வீதிக்கு அங்கால உள்ளே. ஒன்பது மணிக்கு அந்தத் தூரத்தை நடக்க நான் சொல்லமாட்டன். மாதம் பன்னிரண்டு இரவு ஓட்டோ, ஒரு தடவை 400 என்று வைத்தால் 4,800. 24,000 வித்தியாசத்தில் அதைக் கழிச்சாலும் 19,000க்கு மேல மிஞ்சும். ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஒருக்கா அந்த ஒழுங்கையில் இறங்கிப் பாருங்கோ: தெரு லைற் எரியுதா, மூலையில் கடை திறந்திருக்கா, ஓட்டோக்காரர் உள்ளே வர ஏலுமா.

எந்த இடமென்றாலும் உங்கள் வாசலுக்கு வீட்டுக்காரரின் விறாந்தையால் போகாத தனி வழியும், கேற்றுக்குத் தனித் திறப்பும் வேணும். இல்லாவிட்டால் 65,000 கொடுத்தும் ஒன்பதரைக் கேற் கதைதான். குடிபுகும் அன்று லொக்கின் உருளையை மாற்றுங்கோ. முன்னம் இருந்த ஆக்களிட்ட எத்தனை திறப்பு இருக்கென்று ஒருத்தருக்கும் தெரியாது. பழைய உருளையைப் பத்திரமா வையுங்கோ, போகேக்க திருப்பிப் பூட்டலாம்.

ஆலடி

எழுத்து வேலையைப் பற்றி. இலங்கையில் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை சட்டப்படி செல்லவேண்டுமென்றால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு எழுதவேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அது. புரோக்கர் கொண்டுவரும் அச்சடித்த தாளில் இருவரும் கையெழுத்து வைப்பது வழக்கம்தான். தகராறு வராதவரை அது ஓடும். 390,000 திருப்பித் தராத நாளில் அது பலமற்ற கடதாசி. நொத்தாரிசுக் கூலியும் முத்திரைத் தீர்வையும் யார் கட்டுவது என்பதை முதலே பேசுங்கள், பாதிப் பாதி கேட்பதில் தவறில்லை.

உள்ளே கட்டாயம் இருக்கவேண்டியவை: அட்வான்ஸ் கழியுமா திருப்புமா; திருப்பினால் சாவி கொடுத்து எத்தனை நாளுக்குள்; ஒரு வருசம் முடியமுன் நீங்கள் விலகினால் எத்தனை மாத அறிவித்தல், எவ்வளவு கழிவு. கடைசியாகச் சொன்னதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வேலை மாறினால் ஆறு மாத அட்வான்சும் போகும்படி எழுதியிருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். போகும்போது பெயின்ற் அடிக்கும் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் வரவேண்டும். அட்வான்சில் கைவைக்க வழக்கமாகச் சொல்லும் காரணம் அது.

வாடகையை வங்கியால் மட்டும் போடுங்கள், குறிப்பில் மாதத்தின் பெயரோடு. அட்வான்சுக்குத் தனிப் பற்றுச்சீட்டு. கையெழுத்து வைப்பவரும் வீட்டின் சொந்தக்காரரும் ஒருவர்தானா என்று சோலைவரிப் பற்றுச்சீட்டிலும் கரண்ட் பில்லிலும் பெயர் பாருங்கள்.

கார்த்திகைப்பூ

எல்லாருக்கும் நன்றி. வெள்ளவத்தை வீட்டுக்காரர் கரண்டுக்கு வீதாசாரம் சரி என்றார், அட்வான்சைக் கழிக்கவே மாட்டாராம், முழுக்கக் கடைசியில்தான். தெஹிவளையில் மேல தகரக் கூரை இருக்கு, வழியும் தனி. ஆனா சொந்தக்காரர் கனடாவில், அவரின்ர மருமகன்தான் கையெழுத்து வைப்பாராம். அதில் பயப்பட ஏதும் இருக்கா?

பேரேடு

கழிக்க மாட்டார் என்றால் என் பதில் தெஹிவளை. மூன்று மாத அட்வான்ஸ் 144,000 போக உங்கள் வைப்பில் 356,000 நிற்கும்.

ஆலடி

மருமகன் கையெழுத்து வைப்பது பிரச்சினை இல்லை, அவரிடம் அற்றோணித் தத்துவம் (சொந்தக்காரர் தனக்காகச் செயற்பட எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இருந்தால். பிரதி கேளுங்கள். அதில் மூன்று விசயம் பாருங்கள்: இந்த வீட்டைக் குத்தகைக்குக் கொடுக்கவும் வாடகை, அட்வான்ஸ் வாங்கவும் அதிகாரம் என்று எழுதியிருக்கா, இலங்கையில் பதிவு செய்த இலக்கம் இருக்கா, பிறகு ரத்துச் செய்யப்பட்டிருக்கா. மூன்றாவதை உங்கள் நொத்தாரிசு தேடிப் பார்ப்பார். காசைச் சொந்தக்காரரின் கணக்கில் போடுங்கள். மருமகனின் கணக்கென்றால் அந்தக் கணக்கு இலக்கம் எக்ரிமென்றிலேயே இருக்கவேண்டும். தத்துவம் இன்னும் எழுதவில்லை, வந்துகொண்டிருக்கு என்று சொன்னால், அது வந்து சேரும்வரை போடிங்கிலேயே இருங்கள், ஒரு ரூபாவும் கொடுக்கவேண்டாம்.