டூனாவுக்கு நெர்வா, டெரியரா?

நீள்வட்டம்
ராக்கெட் கட்டிப் பறக்கவிடும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் கேமில், செவ்வாய் மாதிரியான டூனா கோளுக்கு ஒரு ஆளை அனுப்பப் போகிறேன். இறங்குவதில்லை, சுற்றிவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். கேப்ஸ்யூல், வெப்பக் கவசம், பாராசூட், சோலார், ஆன்டெனா எல்லாம் சேர்த்து 2 டன். கேமின் பூமியான கெர்பினை 80 கி.மீ. உயரத்தில் சுற்றுகிற இடத்திலிருந்து கணக்கு போட்டேன். கிளம்ப 1060 மீ/வி, டூனாவில் தாழ்வான சுற்றுப்பாதைக்கு வர ஏறக்குறைய 610, திரும்ப அதே அளவு. வீடு வந்து சேரும்போது கெர்பினின் காற்றே பிரேக் போட்டுவிடும். கொஞ்சம் கையிருப்பும் சேர்த்து 2500 மீ/வி டெல்டா-வி (எரிபொருளைக் கொண்டு கப்பல் மாற்றிக்கொள்ளக்கூடிய மொத்த வேகம்) என்று முடிவு செய்திருக்கிறேன்.

நெர்வ் அணு எஞ்சின் போட்டேன், ஐஎஸ்பி, அதாவது எரிபொருள் சிக்கன எண், 800 என்பதால். கூட விளையாடும் நண்பர் டெரியரே போதும் என்கிறார். அதன் ஐஎஸ்பி 345தான். பாதிக்கும் குறைவாக இருக்கிற எஞ்சின் எப்படிப் போதும்?

வெற்றிடம்
நெர்வ்தான். யோசிக்கவே வேண்டாம். ஒரே உந்துவிசை, இரண்டுமே 60 கிலோநியூட்டன். அப்படியிருக்க, ஒரு கிலோ எரிபொருளிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் வேலை வாங்குகிற எஞ்சினை விட்டுவிட்டு வேறொன்றை ஏன் தொட வேண்டும்? கோள்களுக்கு இடையே போகிற எந்தக் கப்பலிலும் நான் வேறு எஞ்சின் வைப்பதில்லை.

எடைக்கல்
நண்பர் சொல்வது சரி. வெற்றிடம், நீங்கள் எஞ்சினின் சொந்த எடையை விட்டுவிட்டீர்கள். டெரியர் அரை டன். நெர்வ் 3 டன். அதாவது 2 டன் சரக்கைத் தூக்கிப் போக 3 டன் வண்டி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

முழுக் கணக்கையும் வைக்கிறேன். டேங்குகளில் எட்டுப் பங்கு எரிபொருளுக்கு ஒரு பங்கு வெறும் தகரம். ஐஎஸ்பியையும் எடையையும் டெல்டா-வியோடு இணைக்கும் சியோல்கோவ்ஸ்கி சமன்பாட்டில் 2500-ஐப் போட்டால், டெரியருக்கு முழு எடையை வெற்று எடையால் வகுத்த விகிதம் 2.09 வரும், நெர்வுக்கு 1.375. 2 டன் சரக்கோடு டெரியர் கப்பல் 6.06 டன், அதில் எரிபொருள் 3.17. நெர்வ் கப்பல் 7.2 டன், எரிபொருள் 1.97. எரிபொருளில் 1.2 டன் மிச்சம் பிடித்தீர்கள், எஞ்சினில் 2.5 டன் கூட்டிக்கொண்டீர்கள். அந்த ஒரு டன்னுக்கு மேலான எடையையும் தரையிலிருந்து தூக்க வேண்டும். என் ராக்கெட்டுகளில் ஒரு டன்னை மேலே சேர்க்க ஏவுதளத்தில் ஆறேழு டன் ஆகிறது. கரியர் மோடில், அதாவது பணம் சம்பாதித்துச் செலவழிக்கும் முறையில், விளையாடினால் விலையும் இருக்கிறது: டெரியர் 390, நெர்வ் 10,000.

வெற்றிடம்
எடைக்கல், கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். 2 டன்னுக்கு நீங்கள் சொன்னது சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2 டன் என்பது உங்கள் பக்கத்துக்குச் சாதகமான எண். சரக்கு 5 டன் ஆனால் டெரியர் கப்பல் 13.3, நெர்வ் 11.5. தராசு அதற்குள் சாய்ந்துவிட்டது. இரண்டும் சமமாகிற இடம் எங்கே என்று தேடினேன், 2500 மீ/வி-க்கு 3.2 டன் பக்கத்தில் வருகிறது.

டெல்டா-வி ஏறினால் அந்த எல்லையும் கீழே இறங்கும். அதே 2 டன் சரக்கு, 5000 மீ/வி வேண்டும் என்று வையுங்கள்: டெரியர் 19 டன், நெர்வ் 10.6. காலியான பகுதியைக் கழற்றிவிடும்படி இரண்டு ஸ்டேஜாகப் பிரித்தால் டெரியர் தப்பிக்கும் என்பீர்கள். பிரித்தும் பார்த்தேன், 15.9-க்குக் கீழே வரவில்லை.

எடைக்கல்
அந்த 5000 கணக்கில் மறுபேச்சு இல்லை. என் வாதம் நெர்வுக்கு எதிரானதல்ல. "கோள்களுக்கு இடையே என்றால் நெர்வ்" என்று கப்பலைப் பார்க்காமலே சொல்வதற்குத்தான் எதிர்ப்பு. ஐஎஸ்பி எஞ்சினுக்கு உரியது, சிக்கனம் கப்பல் முழுவதற்கும் உரியது. புதிதாக வருகிறவர்கள் ஐஎஸ்பி எண்ணை மட்டும் பார்த்து எஞ்சின் தேர்ந்தெடுக்கிறார்கள், பிறகு ஏன் ஏவவே முடியவில்லை என்று தவிக்கிறார்கள். 2018 டிசம்பரில் 1.6 பதிப்பு வரும்வரை இந்த கேம் டெல்டா-வியைத் தானாகக் காட்டியதில்லை. மாட் (மற்றவர்கள் எழுதிய கூடுதல் நிரல்) போடாதவர்கள் காகிதத்தில் லாகரிதம் போட்டோம். அப்போது வெற்று எடை ஒவ்வொரு முறையும் கண்முன் நின்றது.

தீப்பிழம்பு
இரண்டு பேரும் எடையோடு நின்றுவிட்டீர்கள். நேரத்தை யாரும் பேசவில்லை.

20 டன் சரக்கு, ஒரே நெர்வ். சிக்கனமான கப்பல்தான், 33 டன். கிளம்ப வேண்டிய 1060 மீ/வி எரிப்பு எவ்வளவு நேரம் ஓடும் தெரியுமா? ஒன்பது நிமிடம். 80 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றே 31 நிமிடம்தான். கால் சுற்றுக்கும் மேலாக எஞ்சின் எரிந்துகொண்டே இருக்கும்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நோடுக்கு (எரிப்புக்காகப் பாதையில் குறித்து வைத்த புள்ளி) நாலரை நிமிடம் முன்பே எஞ்சினைத் திறந்தேன், பாதி முன்னால் பாதி பின்னால் என்ற வழக்கப்படி. நேவ்பாலில், அதாவது திசை காட்டும் உருண்டையில், நோடின் நீலக் குறியை நேராகப் பிடித்திருந்தேன், எல்லாம் ஒழுங்காகப் போவதாகத்தான் தோன்றியது. இரண்டு நிமிடம் கழித்து உயரத்தைப் பார்த்தால் 74. பிறகு 73, 72. கப்பலின் மூக்கு அடிவானத்துக்குக் கீழே சாய்ந்திருந்தது. நோடின் திசை என்பது ஏழில் ஒரு பங்கு சுற்று தள்ளி இருக்கிற ஒரு புள்ளிக்கான திசை. நான் நின்ற இடத்திலிருந்து அந்தத் திசையில் தள்ளினால், அதில் ஒரு பங்கு தரையை நோக்கித்தான் தள்ளுகிறது. 70-இல் காற்று தொடங்குகிறது. விரித்து வைத்த சோலார் பலகைகளோடு 71 வரை இறங்கி, அப்புறம்தான் ஏறத் தொடங்கியது. கடைசியில் டூனாவைச் சந்திக்க வேண்டிய பாதை விலகிப்போய், திருத்துவதற்கே தனியாக எரிபொருள் போனது. உங்கள் சமன்பாட்டில் இந்த நஷ்டத்துக்கு இடமே இல்லை.

வெற்றிடம்
இதை மறுக்க மாட்டேன். ஆனால் தீர்வு எஞ்சினைக் கூட்டுவதில் இல்லை. மூன்று நெர்வ் வைத்தால் கப்பல் 41.8 டன், எரிப்பு ஏறக்குறைய நாலு நிமிடம். ஐந்து நிமிடத்தை எட்டரை டன் கொடுத்து வாங்குகிறீர்கள்.

தவணை தவணையாக எரியுங்கள். பெரியாப்சிஸில், அதாவது பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளியில், 275 மீ/வி, ஒரு சுற்று வந்து அதே இடத்தில் இன்னொரு 275, மூன்றாவதும் அப்படியே. ஒவ்வொன்றும் இரண்டரை நிமிடம். மூன்றும் முடியும்போது அபோஆப்சிஸ், அதாவது மிக உயர்ந்த புள்ளி, 8000 கி.மீ. பக்கம் இருக்கும். பெரிய நிலா 12,000-இல் இருக்கிறது, அதன் ஈர்ப்பு எல்லைக்குள் மாட்டாது. கடைசியாக மிச்சம் 235 மீ/வி, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு கிராம் கூடுதல் எடை இல்லை.

நிஜத்திலும் இப்படித்தான் செய்தார்கள். மங்கள்யான் 2013 நவம்பர் 5-இல் ஏவப்பட்டு, வெறும் 440 நியூட்டன் எஞ்சினை வைத்துப் பூமியைச் சுற்றியபடியே பாதையைத் தவணை தவணையாக நீட்டிக்கொண்டு போனது. டிசம்பர் 1 நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய 22 நிமிடம் எரித்து 648 மீ/வி சேர்த்துச் செவ்வாய்க்குக் கிளம்பியது. 2014 செப்டம்பர் 24-இல் போய்ச் சேர்ந்தது.

தீப்பிழம்பு
மங்கள்யான் உதாரணம் நல்லதுதான். ஆனால் அதைச் சிக்கனத்துக்காகத் தேர்ந்தெடுத்த வழி என்று சொல்லாதீர்கள். பி.எஸ்.எல்.வி.யால் அதை நேராகச் செவ்வாய்ப் பாதையில் தள்ள முடியாது. நீள்வட்டத்தில்தான் விட முடியும், 248-க்கு 23,550 கி.மீ. அளவில். மீதியைக் கப்பலே செய்தாக வேண்டியிருந்தது. தரையில் ஒரு குழுவே உட்கார்ந்து ஒவ்வொரு எரிப்பையும் அளந்தது. அப்படியும் ஒரு தவணை எதிர்பார்த்த வேகம் தராமல் போய், கூடுதலாக ஒன்று செய்ய வேண்டிவந்தது.

விளையாடுகிறவர் ஒரே ஆள். நாலு எரிப்பு என்றால் நாலு நோடு, தவறு நுழைய நாலு வாசல். கிளம்பும் கோணத்துக்கு வைத்த கணக்கும் நகர்ந்துவிடுகிறது, நீங்கள் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் கெர்பின் சூரியனைச் சுற்றி நகர்கிறதே.

வெற்றிடம்
நகர்வதையும் அளந்துவிடலாம். அந்த மூன்று சுற்றுக்கும் சேர்த்து 12 மணி நேரத்துக்குள், அதாவது இரண்டு கெர்பின் நாள். கெர்பினின் ஆண்டு 426 நாள். ஆக இரண்டு டிகிரிக்கும் குறைவான நகர்வு. முதல் தவணையை இரண்டு நாள் முன்கூட்டியே தொடங்கினால் அதுவும் இல்லை.

மின்மஸ்வாசி
நீங்கள் எல்லோரும் கெர்பினின் தாழ்வான சுற்றுப்பாதையிலிருந்தே கிளம்புகிறீர்கள். நான் கெர்பினின் சின்ன நிலாவான மின்மஸில் எரிபொருள் சுரங்கம் வைத்திருக்கிறேன். டேங்கைக் காலியாக அனுப்பி, அங்கே நிரப்பி, அங்கிருந்தே டூனாவுக்கு நேராக எரித்துவிடுவேன். மின்மஸின் தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து 560 மீ/வி போதும். கெர்பின் பக்கத்திலிருந்து 1060. பாதி விலை.

எடைக்கல்
மின்மஸ்வாசி, நிரப்புவது நல்ல யோசனை. ஆனால் எரிக்கிற இடம் தவறு. இன்னும் 260 மீ/வி மிச்சம் பிடிக்கலாம், கையில் இருப்பதை வைத்தே.

மின்மஸிலிருந்து நேராக வெளியே போகாதீர்கள். முதலில் 160 மீ/வி எரித்து, கெர்பினை நோக்கி விழுங்கள், பெரியாப்சிஸ் 80 கி.மீ. வரும்படி. விழ ஒன்பது கெர்பின் நாள் ஆகும். கெர்பினை உரசிப் போகும்போது உங்கள் வேகம் 3200 மீ/வி. டூனாவுக்குத் தேவையானது 3339. அங்கே வெறும் 139 எரித்தால் போதும். மொத்தம் 300.

மின்மஸ்வாசி
இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஏற்கெனவே மேலே இருக்கிறேன். வெளியே போக வேண்டியவன் எதற்காகக் கெர்பினின் ஈர்ப்புக் குழிக்குள் இறங்கி மறுபடி ஏற வேண்டும்? இறங்கியதில் கிடைத்த வேகமெல்லாம் ஏறும்போது போய்விடுமே.

எடைக்கல்
இறங்கியதில் கிடைத்தது ஏறும்போது போய்விடும், உண்மை. அங்கே எரித்துச் சேர்த்தது போகாது. ஓபெர்த் விளைவு என்பது இதுதான்.

கப்பலின் ஒரு கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள். 100 மீ/வி சேர்க்கிறீர்கள். அதனால் கூடும் ஆற்றல், இருக்கிற வேகத்தை 100-ஆல் பெருக்கினது, கூடவே 100-இன் வர்க்கத்தில் பாதி. மின்மஸ் இருக்கும் தூரத்தில் கெர்பினைச் சுற்றும் வேகம் 274 மீ/வி. அங்கே சேர்த்தால் ஒரு கிலோவுக்கு 32,400 ஜூல். பெரியாப்சிஸில் 3200 வேகத்தில் சேர்த்தால் 3,25,000 ஜூல். அதே எரிபொருள், பத்து மடங்கு ஆற்றல். மேலே ஏறும்போது குழி தன் பங்கை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும், எவ்வளவு வேகமாக வந்தாலும் அதே பங்கு. மிச்சமெல்லாம் உங்களுக்கு.

சோதிக்க ஒரு வழி: அந்த இடத்தில் ஒரு சேவ் போட்டுவிட்டு இரண்டு விதமாகவும் நோடு வைத்துப் பாருங்கள்.

தீப்பிழம்பு
எடைக்கல் சொன்னதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தக் கடைசி எரிப்பு 139 மீ/விதான். 33 டன் கப்பல், ஒரே நெர்வ் என்றாலும் ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். நான் பட்ட பாடு அங்கே வரவே வராது. ஆனால் மின்மஸின் பாதை 6 டிகிரி சாய்ந்தது, அது கெர்பினை ஒருமுறை சுற்ற 50 நாள் ஆகிறது. விண்டோ, அதாவது டூனாவுக்குக் கிளம்பத் தோதான காலம், திறக்கும் நாளில் மின்மஸ் சரியான பக்கத்தில் நின்றால்தான் இந்தத் திட்டம் நடக்கும். நிற்காவிட்டால் காத்திருக்க வேண்டும். டூனா விண்டோ தவறினால் அடுத்தது இரண்டு கெர்பின் ஆண்டுக்கு மேல். இதற்காகத்தான் கையிருப்பை 10 சதவீதத்துக்குக் கீழே நான் ஒருநாளும் விடுவதில்லை, எடைக்கல் என்ன சொன்னாலும்.

எடைக்கல்
கையிருப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதையும் கணக்கில் போட்டுத்தான் எஞ்சின் தேர வேண்டும் என்கிறேன். தீப்பிழம்பு, நீங்கள் சேர்க்கிற ஒவ்வொரு 10 சதவீதமும் கீழே இருக்கிற ஸ்டேஜை எவ்வளவு வீங்கவைக்கிறது என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

தீப்பிழம்பு
எழுதியிருக்கிறேன். ஆளை டூனாவில் விட்டுவிட்டு மீட்புக் கப்பல் அனுப்புவதைவிட அது மலிவு. இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை.

மின்மஸ்வாசி
சேவ் போட்டுப் பார்த்தேன். நேராகப் போக 571 கேட்டது. கெர்பின் வழியாக 164, பிறகு 147. சாய்வைத் திருத்தவும் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். 260 மீ/வி வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தபிறகும் குழிக்குள் விழுவது எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அடுத்த கப்பல் அந்த வழியில்தான் போகும்.

நீள்வட்டம்
நெர்வைக் கழற்றிவிட்டு டெரியர் போட்டேன். கேம் காட்டுகிற எடை 6.1 டன், டெல்டா-வி 2490 சொச்சம். டூனா 44 டிகிரி முன்னால் வரும் விண்டோவுக்கு இன்னும் 31 நாள் இருக்கிறது. தீப்பிழம்பு சொன்னதை நினைத்து மேலே ஒரு சின்ன டேங்க் வைக்கலாமா என்று பார்க்கிறேன். வைத்தால் சரக்கு எடை மாறாது, ஆனால் ஏவு ராக்கெட்டில் இரண்டாம் ஸ்டேஜ் திணறும் போலிருக்கிறது. அதன் அளவுகளை இன்று இரவு போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.