சிறுவர்களுக்கு உதை குறைந்த 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கித் தோட்டா: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

டிராப் (பறக்கவிடும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டு) பயிற்சிக்குப் புதிதாக வரும் 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு 21 கிராம் ரவை அடைத்த, 8ஆம் எண் (ரவையின் பருமன்) தோட்டா போடலாம் என்றிருக்கிறோம். கிராமை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். நொடிக்கு 1,350 அடி வேகத்தில் போகும் 24 கிராம், 1,150 அடியில் போகும் 28 கிராமுக்குச் சமமாகவே உதைக்கும். 410 (மிகச் சிறிய குழல்) வேண்டாம்; ரவை குறைவு, தட்டு தப்பும், பிள்ளை சோர்ந்துவிடும். 20 போர் (12ஐவிடச் சிறிய குழல்) துப்பாக்கிகள் பெரும்பாலும் எடை குறைவு, உதை தோளுக்கே வரும். 20 போரின் மஞ்சள் தோட்டா தப்பித்தவறி 12 போர் பையில் கலந்தால் குழலுக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். பின்னாலேயே 12 போர் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

சிக்கல் இதுதான்: சுடும்போது எழும் கேஸில் ஓடி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோ துப்பாக்கியில் 21 கிராம் போட்டால் போல்ட் (குழலின் பின்வாயை மூடும் பாகம்) முழுதாகப் பின்னால் போவதில்லை, காலித் தோட்டா வாயிலேயே மாட்டிக்கொள்கிறது. பிஸ்டன் கரியைச் சுரண்டியாயிற்று, எண்ணெயும் குறைத்தாயிற்று. இதே எடையைத் தடங்கலின்றி ஓட்டுகிறவர்கள் என்ன வேகத் தோட்டா போடுகிறீர்கள்? இல்லை, ஓவர் அண்டருக்கே (ஒன்றன்மேல் ஒன்றாக இரு குழல் உள்ள துப்பாக்கி) மாறிவிடலாமா?