பராகுவே ஏன் இன்னும் தைவான் பக்கம் நிற்கிறது?

கேள்வி: தென் அமெரிக்காவில் தைவானை அங்கீகரிக்கும் ஒரே நாடு பராகுவேதான். தைவானை அங்கீகரிக்கும் நாடுகளோடு சீனா உறவு வைப்பதில்லை. சீனச் சந்தையை விட்டுக்கொடுத்து அப்படி என்ன லாபம்?

பதில் 1: உறவு 1957-இல், பராகுவே சர்வாதிகாரி ஸ்ட்ரோஸ்னர் காலத்தில் தொடங்கியது, அன்று கம்யூனிச எதிர்ப்புதான் சேர்த்துவைத்தது. தலைநகர் அசுன்சியோனில் அன்றைய தைவான் தலைவர் சியாங் கை-ஷேக் பெயரில் பெரிய சாலையே இருக்கிறது, நாடாளுமன்றக் கட்டடமும் தைவான் பணத்தில் எழுந்ததுதான்.

பதில் 2: மாட்டிறைச்சியை விட்டுவிட்டீர்களே! அதை அதிகம் வாங்கும் நாடுகளில் தைவானும் ஒன்று.

பதில் 3: சரி, ஆனால் சீனா நேரடியாக வாங்காததால் சோயா விவசாயிக்கு நஷ்டம்தானே? 2023 அதிபர் தேர்தலில் எதிர்க்கட்சி வேட்பாளர் அலேக்ரே இந்த உறவை மறுபரிசீலனை செய்வோம் என்றது சும்மா இல்லை. உறவைத் தொடர்வோம் என்ற ஆளுங்கட்சி வேட்பாளர் பெனியா வென்றதால் உறவு நீடிக்கிறது. அதுவரை தைவான் பக்கம் இருந்த மத்திய அமெரிக்க நாடான ஹோண்டுராஸ் அதே ஆண்டு மார்ச்சில் சீனா பக்கம் போய்விட்டது.