மறு: படம் வரையும் பிள்ளைகளுக்கு என்ன வாங்கிப் போகலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

சித்திரையில் நம் கடற்கரை ஊருக்குப் போகிறவர்கள் பலரும், அங்கே படம் வரையும் பிள்ளைகளுக்குக் கலர் பெட்டி வாங்குவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். 48 நிறம் கையில் கிடைத்தால் பிள்ளை கோடு போடுவதை மறந்து, கட்டத்துக்குள் நிரப்புவதோடு நின்றுவிடும். நம் கரையில் இந்த ஆசை பிடிப்பதெல்லாம் ஈர மணலில் குச்சியால் கீறியும், அடுப்புக்கரியால் சுவரில் கிறுக்கி ஏச்சு வாங்கியும்தான். அதற்கு அடுத்த படி தாளும் பென்சிலும்.

ஒரு பிள்ளைக்கு ஓராண்டுக்கு ஏ4 ஜெராக்ஸ் தாள் ஒரு ரீம், எச்பி, 2பி, 4பி, 6பி பென்சில்களில் (எண் கூடக் கூட மென்மையும் கருமையும் கூடும்) மும்மூன்று, கிளிப் வைத்த பரீட்சை அட்டை ஒன்று போதும். 6பி பென்சிலைக் கீழே போட்டால் உள்ளே இருக்கும் கரி துண்டு துண்டாகிவிடும். அப்புறம் சீவச் சீவ உடையும். விலை கூடிய ஸ்கெட்ச் நோட்டு கொடுத்தால், பக்கம் வீணாகிவிடுமே என்று பயந்து பூட்டி வைப்பார்கள்.

கரிக்குச்சியை ஊரிலேயே செய்துகொள்ளலாம். பென்சில் பருமனுள்ள புளியங்குச்சிகளைத் தோல் உரித்துக் காயவைத்து, தகர டப்பாவில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு நெருப்பில் வையுங்கள். துளையில் புகை நின்றதும் இறக்க வேண்டும். ஆறும் முன் திறந்தால் காற்றுப் பட்டுக் கனன்று எல்லாம் சாம்பல். கரிமூட்டம் போடுகிறவர்களுக்கு இது தெரிந்த பாடம்தான்.

எதை வரைவது? நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் அசையாமல் நிற்கும். சில கரையேறி மராமத்தில் இருக்கும். பள்ளிக்கூடமும் பெரும்பாலும் லீவு. ஏரா (அடிக்கட்டை) முதல் அணியம் (முன்முனை) வரை முழுப் படகையும் பார்க்க இதைவிடத் தோதான நாள் வராது. முதலில் படகு அடங்கும் அளவுக்கு ஒரு பெட்டியை மெல்லிய கோட்டில் போட வேண்டும். நீளத்துக்கு உயரம் எத்தனை பங்கு என்று, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரல் வைத்து அளக்க வேண்டும். முழங்கை மடங்கினால் கணக்குத் தப்பும். மணலில் கிடக்கும் வத்தை (பாய்மரப் படகு) ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கும். பிள்ளைகள் அதை நிமிர்த்தியே வரைவார்கள். பாய்மரமும் கூடவே சாய்கிறதா என்று மட்டும் கேளுங்கள், தானே திருத்திக்கொள்வார்கள்.

ஆள் வரைய, வலை பின்னுகிறவர்களைப் போல மாடல் கிடையாது. கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஊசி பிடித்த கை போய்ப் போய் அதே இடத்துக்குத் திரும்பும். திரும்பும் அந்த நிலையைத்தான் வரைய வேண்டும். ஒரு படத்துக்கு 2 நிமிடம், நாளுக்கு 10 படம். உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருங்கி, முகமும் உடம்பும் தட்டையாகத் தெரியும். காலை 9 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

நடிகர் போட்டோவைக் கட்டம் போட்டுப் பார்த்து வரைவதை இகழ வேண்டாம், அளவு பிடிபடும். ஆனால் அதிலேயே வருடக்கணக்கில் கிடந்தால், கட்டமில்லாமல் ஒரு பானைகூட வராது. அதற்கு மாற்றாக ஒருநாள் ராமநாதபுரத்தில் சேதுபதி மன்னர்களின் அரண்மனையான ராமலிங்க விலாசத்துக்குக் கூட்டிப் போங்கள். 18ஆம் நூற்றாண்டுச் சேதுபதி கால ஓவியங்கள் சுவரெங்கும் உண்டு. பக்கவாட்டு முகத்தில் நெற்றியும் மூக்கும் எப்படி இறங்குகின்றன என்று பென்சிலால் போட்டுப் பார்க்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் தாள் நமத்து அலை அலையாக நெளியும், பூசணமும் பிடிக்கும். சுருட்டி வைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் படுக்கையாக அடுக்கச் சொல்லுங்கள். புதுச் செருப்பு, கைப்பையோடு வரும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை யாரும் தூக்கிப் போடாதீர்கள். பெட்டிக்கு நாலைந்து வீதம் சேர்த்துக் கொண்டுபோங்கள்.