கடவுச்சொல் சரிதான், ஆனாலும் உள்நுழைவுத் திரைக்கே திரும்பி வருகிறது

கேள்வி:
வணக்கம். என் லினக்ஸ் கணினியில் எக்ஸ்எஃப்சிஇ பணிச்சூழலும் லைட்டிஎம் உள்நுழைவுத் திரையும் உள்ளன. நேற்று மாலையிலிருந்து கடவுச்சொல்லைக் கொடுத்தவுடன் திரை ஒரு நொடி கருத்து, மீண்டும் உள்நுழைவுத் திரையே வந்து நிற்கிறது. வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தால் பிழைச்செய்தி வருவதால், கடவுச்சொல்லில் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்திக் கிடைக்கும் எழுத்து முனையத்தில் அதே கணக்கில் தடையின்றி நுழைய முடிகிறது. இயங்குதளத்தை மீண்டும் நிறுவாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி 1:
மீண்டும் நிறுவ அவசியமில்லை. முனையத்தில் நுழைய முடிகிறது என்றால் பாதி வேலை முடிந்தது. வரைகலைத் திரையை அணுகுவதற்கான அனுமதிக் குறியீடு இருக்கும், முகப்பு அடைவில் புள்ளியில் தொடங்கும் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பு யாருக்கு உரியது என்று பாருங்கள். வரைகலைத் திரையைத் தொடங்கும் ஸ்டார்ட்எக்ஸ் கட்டளையை எப்போதாவது சூடோ சேர்த்து (அதாவது நிர்வாகி அதிகாரத்தில்) இயக்கியிருந்தால், அந்தக் கோப்பு ரூட் எனப்படும் நிர்வாகிப் பயனருக்கு உரியதாக மாறியிருக்கும். பிறகு உங்கள் கணக்கால் அதில் எழுத முடியாது. அப்படியிருந்தால் அதன் பெயரை மாற்றிவிடுங்கள், அடுத்த நுழைவில் புதிதாக உருவாகும். தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவின் அனுமதி 1777 ஆக (எல்லாப் பயனர்களும் எழுதலாம் என்று) உள்ளதா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இரண்டையும் பார்த்தேன். கோப்பு என் பெயரிலேயே இருக்கிறது, அனுமதியும் சரியாகவே உள்ளது.

மறுமொழி 2:
டிஎஃப் கட்டளையை இயக்கி, வட்டில் இடம் மீதமிருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இயல்பாக 5 விழுக்காடு இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கி வைப்பதால், உங்கள் கணக்குக்கு ஓர் எழுத்துகூட எழுத இடமில்லாத நிலையிலும் சூடோ கட்டளைகளும் பின்னணிச் சேவைகளும் வழக்கம்போல இயங்கும். அதனால்தான் வட்டு நிரம்பியிருக்கும் என்ற சந்தேகமே பலருக்கு எழுவதில்லை. எழுத்து முனையத்தில் நுழைவதற்கு எதையும் எழுதத் தேவையில்லை, வரைகலை அமர்வுக்கோ சில கோப்புகளையாவது எழுதியாக வேண்டும். சோதிப்பதற்கு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், நிரம்பிய வட்டிலும் அது பெரும்பாலும் உருவாகிவிடும். ஒரு வரியை எழுதிப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
நீங்கள் சொன்னதுதான், 100 விழுக்காடு என்று காட்டுகிறது. கோப்புகள் பிடிக்கும் இடத்தைக் காட்டும் டியூ கட்டளையில் தேடியபோது, முகப்பு அடைவில் வரைகலை அமர்வின் பிழைச்செய்திகள் பதிவாகும் எக்ஸ்செஷன்எர்ரர்ஸ் என்ற மறைகோப்பு மட்டும் 31 ஜிபி இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்தால், பணிப்பட்டையில் நான் சென்ற வாரம் சேர்த்த ஒரு நீட்சியின் பெயரோடு ஒரே எச்சரிக்கை வரிக்கு வரி வந்துகொண்டேயிருந்தது. கோப்பை வெறுமையாக்கினேன், முதல் முயற்சியிலேயே பணித்திரை வந்துவிட்டது. மிக்க நன்றி.

மறுமொழி 2:
மகிழ்ச்சி. அந்த நீட்சியை இப்போதே நீக்கிவிடுங்கள், இல்லையென்றால் கோப்பு மறுபடி வளரும். ஒருவேளை அமர்வு ஓடிக்கொண்டிருக்கும்போது இக்கோப்பைக் குறைக்க நேர்ந்தால் அழிக்க வேண்டாம், வெறுமையாக்குங்கள். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால், பெயர் மறையுமே தவிர, அந்த நிரல் அதை மூடும்வரை இடம் திரும்பக் கிடைக்காது.